ஒன்பது அடி நீரிணை

கடல்வரைபட அலுவலகத்தில் மூத்த வரைவாளராகப் பணியாற்றிவந்த அக்காவின் வீட்டுக் கூடத்தின் வழியாக முதல் கப்பல் சென்றது, ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. முப்பத்தோராயிரம் டன் கோதுமை ஏற்றிய சரக்குக் கப்பல் அது. வடக்குச் சுவரில் பழைய அலமாரி நின்ற இடத்தில் முதலில் அதன் மூக்கு தெரிந்தது. பிறகு நங்கூரமும், துருப்பிடித்த விலாப்புறமும், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சமையற்காரரின் சட்டைகளும் வரிசையாக வந்தன. பதினோரு நிமிடங்களில் கப்பல் முழுவதும் தெற்குச் சுவருக்குள் சென்று மறைந்தது. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியின் தாள்கள் சற்றுப் படபடத்ததைத் தவிர வேறு சேதம் எதுவும் இல்லை. ஒன்பது அடி அகலக் கூடத்தில் முப்பது மீட்டர் அகலக் கப்பல் எப்படி நுழையும் என்று ஐயம் எழுப்பியவர்களின் மனநிறைவுக்காக, நகராட்சியிலிருந்து அளவையர் ஒருவர் வந்து, அடுத்த கப்பல் கூடத்தில் இருக்கும்போதே ஒரே நாடாவால் இரண்டையும் அளந்தார். கூடம் ஒன்பது அடி இருந்தது. கப்பல் முப்பத்திரண்டு மீட்டர் இருந்தது. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவர் விடைபெற்றார்.

இதற்குக் காரணம் ஒரு படிவம். தாயார் காலமான பிறகு அந்த வீடு அக்காவுக்கும் அவருடைய தம்பிக்கும் பொதுவாக வந்தது. தம்பி பல் மருத்துவர். வீட்டின் மேற்குப் பகுதியில் ஒற்றை நாற்காலி போட்டு மருத்துவமனை நடத்திவந்தார். நோயாளிகள் காத்திருக்கக் கூடத்தைத் தடுத்துத் தரும்படி அவர் கேட்டார். மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதற்குத் தனக்கு இருப்பது அந்தக் கூடம் ஒன்றுதான் என்று அக்கா மறுத்தார். பேச்சு பத்து நாள் நீண்டது. பதினோராம் நாள் தம்பி, "நீ பொறந்ததே கோடு போடத்தான். இங்கயும் ஒண்ணு போட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். நாடுகளுக்கு நடுவே கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவர் அக்கா. அதை ஒரு குறையாக அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அன்றே கூடத்தின் நடுவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். முன்னறையும் படுக்கையறையும் தெருவாசலும் கிழக்கில் அவருக்கு. மருத்துவமனையும் சமையலறையும் பின்வாசலும் மேற்கில் தம்பிக்கு. கழிவறை இரு பக்கமும் ஒவ்வொன்று இருந்தது கடவுள் செயல்.

கோட்டை எழுத்தில் பதிய வேண்டும் அல்லவா? இருபத்தாறு ஆண்டுகளாக அக்கா நிரப்பிப் பழகிய எல்லைப் படிவம் ஒன்றே ஒன்றுதான்: எதிரெதிரே உள்ள இரு கரைகளுக்கு நடுவே கடலைச் சமமாகப் பிரிக்கும் படிவம். அதை எடுத்து, கரைகளின் பெயர் கேட்ட இடத்தில் "கிழக்கே அக்கா, மேற்கே தம்பி" என்றும், அகலம் கேட்ட இடத்தில் "ஒன்பது அடி" என்றும் அழகான கையெழுத்தில் நிரப்பி, மை உலரட்டும் என்று அலுவலக மேசைத் தட்டில் வைத்தார். அந்தத் தட்டில் இருப்பதை எடுத்து முத்திரையிட்டு அனுப்பும் எழுத்தர் பத்தொன்பது ஆண்டுகளாகத் தம் கடமையில் தவறியதில்லை. அனுப்பும் எதையும் படித்ததும் இல்லை. வெள்ளிக்கிழமை அச்சான 'கடலோடிகளுக்கான வார அறிவிப்'பில் அது நாற்பத்திரண்டாவது திருத்தமாக வெளிவந்தது. "நீரிணை, புதிது" என்று தொடங்கும் அந்த மூன்று வரிகளை உலகின் கப்பல்களில் உள்ள இரண்டாம் அதிகாரிகள் எல்லாரும் படித்து, வழக்கப்படி செந்நீல மையால் தங்கள் வரைபடங்களில் ஏற்றிக்கொண்டார்கள். கடலோடிகள் வரைபடத்தில் உள்ளதை நம்புகிறவர்கள். கடலும் அப்படித்தான் போலும். மூன்று வாரங்களில் கூடத்தின் தரைக்கற்கள் வியர்த்தன, உப்புப் பூத்தன, பிறகு காணாமற்போயின. அக்கா நூலில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பார்த்தார். நாற்பத்தாறு மீட்டர் ஆழம் இருந்தது.

தம்பியின் மனைவி சமையலறை வாசலில் நின்று நீரைப் பார்த்தார். "கோடு போடச் சொன்னா ரோடே போடுவாங்கன்னு சொல்வாங்க. அண்ணி கடலே போட்டுட்டாங்க" என்றார். அவர் எதையும் உரக்கச் சொல்லும் வழக்கமுடையவர் என்பதால் அது கிழக்குக் கரைக்கும் கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அன்றிரவு அடுப்பு வாங்கிவந்து முன்னறையில் வைத்துக்கொண்டபோது அது நினைவுக்கு வர, தனியாக ஒருமுறை சிரித்துவிட்டார்.

அரசிலிருந்து மூவர் கோப்புகளோடு வந்து, காலணிகளைக் கழற்றிவிட்டுத் தெருவாசலில் நின்று பார்த்தார்கள். இந்த வழியால் கப்பல்களுக்கு இரண்டரை நாள் பயணம் மிச்சமாகிறது. பல நாட்டுக் கப்பல்களும் பயன்படுத்துகின்றன. ஆகவே சட்டப்படி இது பன்னாட்டு நீரிணை, கரையில் இருப்பவர்கள் கப்பல் போவதைத் தடுக்கவோ நிறுத்திவைக்கவோ முடியாது என்று மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தார்கள். அதே வேளையில் கப்பல்களும் வந்தோமா போனோமா என்று இருக்க வேண்டும்; நடுவில் நிற்கக்கூடாது, மீன்பிடிக்கக்கூடாது, ஆபத்து நேர்ந்தாலொழிய நங்கூரம் போடக்கூடாது. வேகத்தையும் தடத்தையும் மாற்ற வேண்டுமானால் இரு கரையும் சேர்ந்து கையெழுத்திட்டு விண்ணப்பிக்கலாம். இவ்வளவையும் சொல்லி, அக்காவை, வரைவு வேலையையும் இனி வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லி, கிழக்குக் கரையின் கண்காணிப்பாளராக நியமித்து, ஒரு வானொலிக் கருவியும் சட்டப் புத்தகமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வீட்டில் இருந்த தட்டச்சுப் பள்ளியிலும் விசாரித்தார்கள். கொஞ்ச நாளாகத் தாள்கள் நமத்துப்போகின்றன, மற்றபடி ஒன்றுமில்லை என்று அங்கே சொன்னார்கள்.

அக்கா அந்த வேலையை எழுத்துக்கு எழுத்துச் சரியாகச் செய்தார். நாளொன்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது கப்பல்கள் போயின. ஒரு கப்பல் தீப்பெட்டி கேட்டு நிற்க விரும்பியது, மறுத்தார். தேனிலவுக்குப் போன தம்பதியர் நாள்காட்டியோடு ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும் என்றார்கள். கப்பல் ஓடிக்கொண்டே இருக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். சில நாள் கூடத்தின் அடியில் ஏதோ முனகிக்கொண்டு போகும். நீர்மூழ்கிகள் நீரிணையில் மூழ்கியபடியே போகலாம் என்று புத்தகத்தில் இருந்ததால், காதில் விழாததுபோல் இருந்துகொள்வார். மாலுமிகள் வானொலியில் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். அலுவலகத்தில் வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் அழைத்தார்கள். அழைக்க முழு உரிமை உள்ள ஒருவர் மட்டும், ஒன்பது அடி தொலைவில் இருந்துகொண்டு, ஆறு ஆண்டுகளாக அழைக்கவில்லை.

அவருக்கும் காரணம் இருந்தது. தெருவாசல் கிழக்கில் போய்விட்டதால் நோயாளிகள் பின்சந்து வழியாக, குப்பைத்தொட்டிகளைத் தாண்டி வர வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். கப்பல் போகும்போது எழும் அலையில் பல் நாற்காலி ஆடியதுதான் தாங்க முடியாததாக இருந்தது. குடைகருவி நோயாளியின் வாயில் இருக்கும் வேளை பார்த்து எண்ணெய்க் கப்பல் வரும். ஒருமுறை வங்கி மேலாளர் ஒருவருக்குச் சொத்தைப் பல் இருக்க, பக்கத்தில் இருந்த நல்ல பல் போயிற்று. அவர் பண்பாளர் என்பதால் ஊர் முழுவதும் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு நோயாளிகள் குறைந்தார்கள். இது அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாம் ஆண்டிலேயே, மருத்துவமனை நேரத்தில் கப்பல்கள் அலை எழுப்பாமல் ஊர்ந்து போக வேண்டும் என்று ஒரு கூட்டு விண்ணப்பம் தயாரித்து, தன் கையெழுத்தைப் போட்டு, எதிரே தம்பிக்கு இடம் விட்டு, மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். கேட்டால் கொடுக்கலாம் என்று இவர் இருந்தார். கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், அவர் இருந்தார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவர்களுக்கு வயிறு ஒன்றாகத்தான் இருந்தது, வாய்தான் திறக்கவில்லை.

ஆறாம் ஆண்டின் முடிவில் தம்பிக்குக் கடற்கரையே இல்லாத ஒரு நாட்டில், நான்கு பக்கமும் மலை சூழ்ந்த நகரத்தில், மருத்துவமனை வேலை கிடைத்தது. செய்தியை அக்காவுக்குத் தெரிவித்தவர் தம்பியின் மனைவி. பாத்திரம் துலக்கிக்கொண்டே, கப்பல் இல்லாத இடைவெளியில், "சனிக்கிழமை நாற்காலிய வாங்க ஆள் வருது அண்ணி. ஞாயித்துக்கிழமை கெளம்புறோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதாவது தெருவுக்குக் கேட்காத அளவில், "ஒரு வார்த்த நீங்க பேசினா என்ன? முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டார். அக்கா புதனும் வியாழனும் எதிர்க்கரையில் அட்டைப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை வாய் திறந்தார்; அந்த நேரம் பார்த்துக் கார்களை ஏற்றிய கப்பல் ஒன்று நுழைந்து ஒன்பது நிமிடம் மறைத்துக்கொண்டது. அது போனபோது தம்பி உள்ளே போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்த கப்பல், தம்பி போகவிருந்த அதே மலைநாட்டின் கொடியைப் பறக்கவிட்டிருந்தது. கடல் இல்லாத நாட்டுக்கும் கடலில் கப்பல் விட உரிமை உண்டு. அந்த நாடு அந்த உரிமையை ஒரே ஒரு கப்பல் வைத்துக் காப்பாற்றிவந்தது. அது கூடத்தின் நடுப்பகுதிக்கு வந்ததும் வேகம் குறைந்து தயங்கியது. மேல்தளத்தில் மாலுமித் தலைவர் நின்றிருந்தார். வலது தாடை பன் ரொட்டிபோல் உப்பியிருந்தது. ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் மேற்குக் கரையின் சன்னலில் இன்னும் கழற்றப்படாமல் இருந்த பலகையை, அதில் வரைந்திருந்த வெள்ளைப் பல்லைச் சுட்டிக்காட்டினார். மூன்று நாளாக உறங்கவில்லை என்று துணை அதிகாரி வானொலியில் தெரிவித்தார். நிற்கலாமா என்று பணிவோடு கேட்டார்.

அக்கா புத்தகத்தைப் புரட்டினார். புயல் இருந்தது, இயந்திரப் பழுது இருந்தது, தீ இருந்தது. பல்வலி இல்லை. தீப்பெட்டிக்கு நிறுத்தாத நீரிணையைப் பல்லுக்கு நிறுத்தினால் நாளை ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவர் விரல் வரிகளின் மேல் போய்க்கொண்டிருந்தபோது எதிர்க்கரையில் தம்பி வந்து நின்றார். மேலங்கியை மாட்டி முடிக்காமல் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக இருந்தார். அவர் மாலுமித் தலைவரின் தாடையை ஒருமுறை பார்த்தார். கப்பலின் மூக்குக்கு முன்னால் திறந்திருந்த இடைவெளி வழியாகக் கிழக்கே பார்த்தார்.

"அக்கா," என்றார். "சீழ் கட்டியிருக்கு. நிக்கச் சொல்லலாமா, கூடாதா?"

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்தச் சொல்லை அக்கா உடனே எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கோ வந்த கடிதம்போல் சற்று நேரம் அது நீரின்மேல் இருந்தது. அதற்குள் சமையலறை வாசலில் இருந்து தம்பியின் மனைவி தன் கருத்தைச் சொன்னார். "கப்பல் கவிழ்ந்தாத்தான் கன்னத்துல கை வைப்பாங்க. இந்த மனுஷன் கப்பல் நல்லாருக்கும்போதே வெச்சிட்டு நிக்கிறார்."

அக்கா புத்தகத்தை மூடினார். "கன்னத்துல கை வெச்சிருக்கிறவன் சுக்கான எப்படிப் பிடிப்பான்? கப்பல் எங்கயாவது மோதும். இது ஆபத்துதான்" என்று தம்பியிடம் சொன்னார். பிறகு வானொலியை எடுத்து, நங்கூரம் இறக்கலாம் என்று முறைப்படி அறிவித்து, பின்னால் வந்துகொண்டிருந்த ஏழு கப்பல்களையும் முன்னே இடர் உள்ளது என்று சொல்லி நின்ற இடத்தில் நிற்கவைத்தார். காரணம் கேட்ட ஒரு கப்பலுக்கு, "கடைவாய்ப் பல்" என்று பதில் போயிற்று. அந்தக் கப்பல் வேறெதுவும் கேட்கவில்லை.

மாலுமித் தலைவர் ஏணி வழியாக மேற்கே இறங்கி நாற்காலியில் அமர்ந்த பிறகுதான், நாற்காலிக்கு மேலே இருந்த விளக்கு அன்று காலையே விலைபோய்விட்டது தம்பிக்கு நினைவு வந்தது. சன்னலைக் கப்பல் மறைத்திருந்ததால் அறை இருண்டு கிடந்தது. அக்காவிடம் வரைமேசை விளக்கு இருந்தது; கழுத்து வளையும், தலைமுடி அளவு கோட்டையும் காட்டும். ஆனால் அக்கா கடலை வரைந்தவரே தவிர, அதில் ஒருநாளும் கால் வைத்தவர் இல்லை. நீச்சலும் தெரியாது. விளக்கைச் சுற்றிலும் மின்கம்பியைச் சுருட்டிக் கையில் எடுத்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். கிழக்குப் பக்கம் இறக்கியிருந்த ஏணியில், ஒவ்வொரு படியாக, கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். மேலே மாலுமிகள் வழிவிட்டு நின்றார்கள். ஒன்பது அடிக் கூடத்தில் நின்ற அந்தக் கப்பலின் மேல்தளத்தைக் கடக்க அவருக்கு நாற்பத்தொரு அடிகள் வைக்க வேண்டியிருந்தது. இருபத்தோராவது அடியில் தன் கோடு தன் காலுக்குக் கீழே போவதை அவர் உணர்ந்தார். ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபக்க ஏணியின் அடியில் தம்பி கை நீட்டிக்கொண்டு நின்றார்.

மாலுமித் தலைவர் ஆறடிக்கும் மேலான உயரம். பல் பிடுங்கும் குறட்டைக் கண்டதும் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டார். அவருக்கு இவர்களுடைய மொழி தெரியாது என்பதை மறந்து, அக்கா விளக்கைப் பிடித்தபடி ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதீங்க. இவன் மொதமொதல்ல பிடுங்கினது என் பல்லத்தான். வலிக்கவே இல்ல."

"பொய்," என்றார் தம்பி, வாய்க்குள் பார்த்துக்கொண்டே. "தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தின."

"அப்ப நீ ரெண்டாம் வருஷம் படிச்சிட்டிருந்த. மருந்து போடவே மறந்துட்ட."

"மறக்கல. வாங்கக் காசு இல்ல. விளக்க இன்னும் கொஞ்சம் கீழ பிடி."

மாலுமித் தலைவருக்கு மருந்து போடப்பட்டது. நீர் அசையவில்லை, நாற்காலி பாறைபோல் நின்றது. நான்கு நிமிடத்தில் பல் வந்துவிட்டது. பல் போனால் சொல் போகும் என்பார்கள்; அந்த அறையில் மூவருக்கும் பல் போன பிறகுதான் சொல் வந்தது. மாலுமித் தலைவர் தம் மொழியில் நெடுநேரம் நன்றி சொன்னார். மேசையில் இருந்த மலைநாட்டு வேலைக்கடிதத்தின் முத்திரையைப் பார்த்து வியந்து, இரு கைகளையும் விரித்து எதையோ விளக்கினார். எங்கள் ஊரில் பல் மருத்துவருக்குப் பஞ்சமில்லை, கடலில்தான் ஒருவரும் இல்லை என்பது அதன் பொருள் என்று துணை அதிகாரி பிறகு மொழிபெயர்த்தார். கப்பல் ஏறியதும் மாலுமித் தலைவர் தம் பல்லை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு நீரில் எறிந்தார். அது சரியாக நடுக்கோட்டில் விழுந்தது.

தம்பி கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே, சுவரைப் பார்த்து, "ஆறு வருஷத்துல நாற்காலி ஆடாம இருந்தது இன்னிக்குத்தான்" என்றார்.

"தினமும் ஆடாம வைக்கலாம். ரெண்டு கரையும் கையெழுத்துப் போடணும்." அக்கா பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். மடிப்புகளில் அது மஞ்சளாகியிருந்தது.

தம்பி தேதியைப் பார்த்தார். "நாலு வருஷமா இத வெச்சிட்டா இருந்த?"

"நீ கேக்கல."

"நீ சொல்லல."

வெளியே ஏழு கப்பல்கள் காத்திருந்தன. தம்பியின் மனைவி ஓர் அட்டைப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, அடுத்து எந்தப் பெட்டியைக் கட்டுவது, எதைப் பிரிப்பது என்று யாராவது சொன்னால் நல்லது என்றார். தம்பி சட்டைப்பையைத் தடவினார். எழுதுகோல்கள் எல்லாம் ஏதோ ஒரு பெட்டிக்குள் போயிருந்தன. அக்கா தன் வரைபேனாவைக் கொடுத்தார். அவர் அதைப் பிறருக்குக் கொடுத்ததாக அலுவலகத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. தம்பி நாற்காலியின் கைமேல் காகிதத்தை வைத்து, அக்காவின் கையெழுத்துக்கு எதிரே தம்முடையதைப் போட்டார்.

சனிக்கிழமை நாற்காலி வாங்க வந்தவர், வந்த இடத்தில் ஒரு பல் அடைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார். மலைநாட்டுக்கு மறுப்புக் கடிதம் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை அறிவிப்பில், காலை பத்திலிருந்து ஒன்று வரையும் மாலை நான்கிலிருந்து ஏழு வரையும் அந்த நீரிணையில் கப்பல்கள் அலை எழுப்பாமல் ஊர்ந்து செல்ல வேண்டும் என்ற திருத்தம் வெளிவந்தது. இரண்டாம் அதிகாரிகள் செந்நீல மையால் அதை ஏற்றிக்கொண்டார்கள். நோயாளிகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வங்கி மேலாளர்கூட, நல்ல பல்லைக் கையால் மூடிக்கொண்டு, வந்தார். தெருவாசல் வழியாக அவர்களைக் கூட்டிவர அக்கா ஒரு படகு ஏற்பாடு செய்தார். இருவரும் சேர்ந்துவிட்டதால் இனி கூடத்தை ஒரே வீட்டின் உள்நீராக அறிவித்துக் கப்பல்களை அடியோடு மறுத்துவிடலாமே என்று அரசு அதிகாரிகள் யோசனை சொன்னார்கள். தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா, இரண்டரை நாள் மிச்சமாகிறதே, பாவம், போகட்டும் என்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றிய ஒரு பிற்பகலில், கூடத்தின் நடுவே வெள்ளையாக ஒன்று தலைகாட்டியது. வேர்கள் கீழே விரிய, மேலே நான்கு முகடுகளோடு, ஒரு கடைவாய்ப் பல்லின் வடிவத்தில் இருந்த பாறை அது. அக்கா அதை அளந்து வரைபடத்தில் ஏற்றினார். நீர் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது மட்டும் தெரிவதால் அதற்கென்று சட்டப்படி சொந்தக் கடல் எல்லை எதுவும் கிடையாது. நடுக்கோட்டில் இருப்பதால் இரு கரைக்கும் சரிபாதி. கப்பல்கள் அதைச் சுற்றிப் போகப் பழகிவிட்டன. குறிப்பு எழுதும் கட்டத்தில், மனிதர் குடியிருப்பதற்கு உகந்ததன்று என்று அவர் எழுதினார். சட்டப்படி அது சரி. ஆனால் நீர் வற்றிய பிற்பகல்களில், மருத்துவமனை தொடங்குவதற்கு முன்னால், தம்பி மேற்கிலிருந்தும் அக்கா கிழக்கிலிருந்தும் படகில் வந்து அதன்மேல் ஆளுக்கொரு முகட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். இருபது நிமிடம் வரை நீர் விட்டுவைக்கிறது. அதற்குமேல் இருந்தால் கால் நனையும் என்று வரைபடத்தின் புதிய பதிப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது.